ஜெனரலின் கட்டைவிரல்

ஒரு நாட்டையே துப்பாக்கி முனையில் பிடித்து ஆண்ட மனிதருக்குக் காதுகுத்து என்றால் என்னவென்று விளக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் ஒவ்வொரு மாசி மாதமும் விளக்கினேன். ஒவ்வொரு மாசியும் தோற்றேன்.

“காதில் என்ன கோளாறு?” என்பார் ஜெனரல்.

“கோளாறு இல்ல சார். ஓட்டை போடணும். என் தங்கச்சி மகளுக்கு.”

“உங்கள் ஊரில் டாக்டர் இல்லையா?”

“டாக்டர் வேலை இல்ல சார் அது. குலசாமி கோயில்ல மொட்டையடிச்சு, என் மடியில உக்கார வச்சுக் குத்தணும். நான் தாய்மாமன்.”

“உன் மடியில்தான் உட்கார வேண்டும் என்று சட்டமா?”

“சட்டத்துக்கும் மேல சார்.”

அந்த வார்த்தை அவருக்குப் பிடிக்காது. சட்டத்துக்கு மேலே இருக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஓட்டை இங்கிலீஷும் உடைந்த இந்தியும். ஆனால் “அடுத்த வாரம்” என்பதை அவர் எந்த மொழியில் சொன்னாலும் கிடையாது என்றுதான் அர்த்தம்.

அவருடைய நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் அவர் வீட்டு விசாவில் இருக்கிறவன். கடலோரத்தில் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் கர்னலாக இருந்தார். ஒரு நாள் விடியும்போது டாங்கியை அரண்மனை வாசலில் நிறுத்திவிட்டு ரேடியோ ஸ்டேஷனுக்குப் போய், ஊழலை ஒழிக்கும் வரை கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று பேசினார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலை நரைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. தேர்தல் எப்போது என்று கேட்டவர்களுக்கு அடுத்த வருஷம் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

கடைசியில் முழங்கால் ஆபரேஷனுக்காக வெளிநாடு கிளம்பினார். விமான நிலையம் வரை வந்து மாலை போட்டு, கண் கலங்கி வழியனுப்பிய துணைத் தளபதி, அங்கிருந்து நேராக ரேடியோ ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். முழங்கால் சரியாயிற்று, நாடு போயிற்று. அந்தக் கதையை எனக்கு லீவு இல்லை என்று சொல்லும்போதெல்லாம் சொல்வார். “லீவில் போகிறவனுக்குத் திரும்பி வந்தால் நாற்காலி இருக்காது, கார்மேகம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.” டிரைவர் சீட்டுக்கு யார் புரட்சி செய்யப் போகிறார்கள் என்று மனசுக்குள் வைவேன்.

அடைக்கலம் கொடுத்தவர்கள் முதலில் அவரைத் துபாய் ஜுமேராவில் பெரிய வில்லாவில் வைத்திருந்தார்கள். பிறகு யாருக்கோ அவர்மேல் ஆர்வம் குறைந்துவிட்டது. இப்போது அல் குசைஸில் ஒரு பழைய வில்லா. மதில் காரை பெயர்ந்து கிடக்கும். தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஜெனரல் நிமிர்ந்து பார்ப்பார். ஆட்களைக் குறைத்துக் குறைத்து மிஞ்சியவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரை வைத்தும் மனிதர் மந்திரிசபை நடத்தினார். தினமும் காலையில் அவர் ரொட்டி தின்னும்போது நாங்கள் வரிசையாக நிற்க வேண்டும். நான் போக்குவரத்து மந்திரி. டயரில் காற்று இருக்கிறது என்று அறிக்கை கொடுப்பேன். பெரம்பலூர்ப் பக்கத்து ரெங்கராஜ் விவசாய மந்திரி. இரண்டு பேரீச்ச மரமும் ஒரு வேப்ப மரமும்தான் அவனுடைய இலாகா. சமையல்காரர் சுஐபு பாய் உணவு மந்திரி.

சுஐபு கீழக்கரைக்காரர். நான் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரே ஜில்லா என்பதால் வாய் நிறைய மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு மாசியும் நான் லீவு கேட்டுத் தோற்றுச் சமையலறைக்கு வரும்போது டீயைக் கையில் கொடுத்து, “இந்த ஆளு வாயி மட்டும் ஒரு மாசம் மூடட்டும் மாப்ளே. ஒன்னைய நானே ஏர்போர்ட்டுல கொண்டுபோயி விடுறேன்” என்பார். உண்மையாகவே அன்பான மனிதர்தான் அப்போது.

என் தங்கச்சி நாகவள்ளிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அவள் மகள் அருணாவுக்கு ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டிய மொட்டை அது. அவள் புருஷன் வீட்டுக் குலசாமிக்கு வருஷத்தில் ஒரு ராத்திரிதான் கொண்டாட்டம், மாசிக் களரி. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். ஒரு வயதில் என்றால் அழுதுவிட்டுப் பால் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கும். இப்போது பிள்ளை இரண்டாம் வகுப்பு. முடி இடுப்பைத் தொடுகிறது. காது மட்டும் மூளி. வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஜிமிக்கியை ஆட்டிக் காட்டுகிறார்களாம்.

“அண்ணே, இந்த வருசமும் இல்லைன்னா எங்க மாமியா பேச்சுக்கு என்னால பதில் சொல்ல முடியாது” என்றாள் நாகவள்ளி போனில். “ஒங்கண்ணன் தொபாயில ஷேக்கா இருக்காகளோ, மடி கூட வாடகைக்குத்தான் கெடைக்குமோங்குது கெழவி.”

“வந்துருவேன்த்தா. இந்த வருசம் கண்டிப்பா.”

“மாமா,” என்று போனைப் பிடுங்கினாள் அருணா. “காது மட்டும் குத்துங்க. மொட்டை வேணாம். எல்லாரும் சிரிப்பாங்க.”

அதுதான் எனக்கு ஆத்திரம். நேரத்துக்குச் செய்திருந்தால் பிள்ளைக்குச் சந்தோஷமாக முடிந்திருக்க வேண்டிய காரியம். என்னால் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அவளுக்குப் பயமாகிவிட்டது.

பொங்கல் முடிந்த வாரத்தில் சுஐபு கேட்ட வரம் கிடைத்தது. மந்திரிசபைக் கூட்டத்தின் நடுவே ஜெனரல் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவருக்கு வலது பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சத்தம், “ம்பா.” சூப் வேண்டுமென்றாலும் ம்பா, சிறுநீர் வந்தாலும் ம்பா, விமானம் போனாலும் ம்பா.

அந்த ம்பாவுக்கு அர்த்தம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சுஐபு அறிவித்துவிட்டார்.

எங்கள் விசா, சம்பளம், லீவு எல்லாம் அடைக்கலம் கொடுத்தவர்களின் ஆபீஸ் வழியாக வரும். அங்கே விசா வேலைகளைப் பார்க்கிற பி.ஆர்.ஓ. ஹஸ்னைன், லாகூர்க்காரர், எந்தப் பேப்பரானாலும் ஜெனரலின் கையெழுத்தைக் கேட்பார். கை விழுந்த பிறகு இடது கட்டைவிரல் ரேகை போதும் என்றார்கள். எத்தனையோ பேர் தலையெழுத்தைக் கையெழுத்தால் முடித்தவர் கைநாட்டுக்கு வந்து சேர்ந்தார். மைப்பெட்டியைச் சுஐபு தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். டாங்கியும் இல்லை, ரேடியோவும் இல்லை, புரட்சி முடிந்துவிட்டது.

ஹாலில் ஏசிக்கு நேராக ஜெனரலின் தோல் நாற்காலி இருக்கும். ஜெனரலைச் சக்கர நாற்காலியில் மூலைக்குத் தள்ளிவிட்டுச் சுஐபு அதில் உட்கார ஆரம்பித்தார். காலைக் கூட்டத்தையும் விடவில்லை. நாங்கள் நின்றோம், அவர் ரொட்டி தின்றார். ரெங்கராஜ் வேப்ப மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் லீவு என்ற ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“பாய், களரி வருது. நீங்க சொன்னீங்களே, இந்த ஆளு வாய் மூடட்டும்னு.”

“சொன்னேன் மாப்ளே. நான் இல்லைங்கலையே.” ரொட்டியைச் சாப்ஸில் தோய்த்தார். “ஆனா நெலமையப் பாரு. நோயாளிய வச்சுக்கிட்டு, காதுகுத்துக்கு டிரைவர அனுப்புனா ஆபீஸ்ல என்ன நெனப்பாங்க? ஜெனரலே வேணாங்குறாரு. கேட்டுப் பாரு.”

மூலையிலிருந்து ஜெனரல் என்னைப் பார்த்து, “ம்பா” என்றார்.

“பாத்தியா?” என்றார் சுஐபு. “அடுத்த வாரம் பாக்கலாம்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று எங்கள் ஊரில் சும்மாவா சொன்னார்கள். அன்றைக்கு வண்டியைக் கழுவுகிற சாக்கில் அரை மணி நேரம் தண்ணீர்க் குழாயைப் பானெட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தேன். எதையாவது அடிக்க வேண்டியிருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் ஜெனரலைப் பிசியோதெரப்பிக்குக் கூட்டிப்போவது என் வேலை. அந்தப் பயணத்தில் மட்டும்தான் சுஐபு கூட இருக்க மாட்டார். திரும்பி வரும் வழியில் ஏர்போர்ட் வேலியோரமாக ஒரு பக்காலா உண்டு, சின்ன மளிகைக் கடைக்கு இங்கே அந்தப் பெயர். அங்கே வண்டியை நிறுத்திக் கரக் டீ வாங்கி, ஜெனரலுக்கு உறிஞ்சிக் குழல் போட்டுக் கொடுப்பேன். விமானங்கள் ஓடுதளத்தில் இறங்குவது தெரியும். அவர் கார் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கும் ஊருக்குப் போக வேண்டும். எனக்கும் ஊருக்குப் போக வேண்டும். இரண்டு பேரையும் நிறுத்தி வைத்திருப்பது ஒரு சமையல்காரர் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

அன்றைக்குத் தமிழிலேயே பேசிவிட்டேன். “அய்யா, நீங்க என்னைய வதைச்சது போதாதுன்னு இப்ப அந்த ஆளும் வதைக்கிறான். புள்ளைக்கு இடுப்பு வரைக்கும் முடி வந்துருச்சு. என் மடி சும்மா கெடக்கு. கொடுங்கய்யா லீவு. ஒரே ஒரு தடவை.”

எது புரிந்ததோ, லீவு என்ற வார்த்தை மட்டும் புரிந்ததோ, தெரியாது. மடக்கியே வைத்திருந்த இடது கையை மெதுவாக விரித்து, கட்டைவிரலை என் பக்கம் நீட்டினார்.

அடுத்த தடவை போகும்போது எங்கள் வில்லாவுக்குப் பக்கத்து டமாஸ்கஸ் ரோட்டு ஸ்டேஷனரிக் கடையில் ஒரு மைப்பெட்டி வாங்கிக்கொண்டேன். லீவு பேப்பரைத் தொடையில் வைத்து, பக்காலா வாசலிலேயே அவரிடம் ரேகை வாங்கினேன். நாளைக்கு யாரும் பொய் என்று சொல்லக்கூடாதே என்று, அவராக விரலை வைப்பதைப் போனில் வீடியோவும் எடுத்தேன். பிறகு டிஷ்யூவில் அவர் விரலைத் துடைத்துவிட்டேன். அந்த நேரம் அவர்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

வில்லாவுக்கு வந்து வீடியோவைப் பார்த்த ஹஸ்னைனுக்கு முகம் மலர்ந்தது. “அச்சா. இனிமேல் எல்லாம் வீடியோவோடு வரட்டும். ஆபீஸில் கேட்கிறார்கள்” என்றார். சுஐபு முறைத்துவிட்டு, தன்னுடைய பேப்பர் ஒன்றை எடுத்து ஜெனரலின் கையைப் பிடித்தார். ஜெனரல் விரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கினார். சுஐபு இழுத்தார், கெஞ்சினார், அல்வா ஊட்டிப் பார்த்தார். முஷ்டி திறக்கவில்லை. ஹஸ்னைன் என்னைப் பார்த்தார். நான் போய் முட்டி போட்டு, “சார்” என்றேன். கை திறந்தது.

அன்றிலிருந்து பேப்பர்கள் என்னிடம் வந்தன. சுஐபு தோல் நாற்காலியைவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். நான் லீவும் வாங்கிவிட்டேன், டிக்கெட்டும் போட்டுவிட்டேன். களரிக்கு நாலு நாள் முன்னாலேயே மதுரையில் இறங்குகிற மாதிரி. தங்க ஜிமிக்கி, பட்டுப் பாவாடை, தங்கச்சிக்குச் சேலை, மாமியார்க் கிழவிக்குக்கூட ஒரு டார்ச் லைட், எல்லாம் பெட்டியில் ஏறின. போனில் நாகவள்ளி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுஐபு டீயோடு வந்து நின்றார்.

“சந்தோசமாப் போயிட்டு வா மாப்ளே. இங்கன நான் பாத்துக்குறேன்.”

“சரி பாய்.”

“டாக்ஸி புடிச்சு அவர நானே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்ற வழியில அந்த ஏர்போர்ட் வேலி ஓரமாக் கொஞ்ச நேரம் நிறுத்துனா மனுசன் என்ன சொன்னாலும் கேப்பாராமே?” என் தோளைத் தட்டினார். “நீ எதையும் நெனச்சுக் கவலப்படாத.”

விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் மதுரையில் இறங்குவதற்குள் ஜெனரலின் கட்டைவிரல் இவர் கைக்குப் போய்விடும். லீவுக்குப் போனவனை ஊரில் வைத்தே விசா கேன்சல் அடித்த கதை இங்கே ஒவ்வொரு ரூமிலும் ஒன்று உண்டு. மாலை போட்டு வழியனுப்பிய துணைத் தளபதியின் முகத்தை நான் பார்த்ததில்லை. சுஐபு மாதிரிதான் இருந்திருக்கும், அன்பாக.

மறுநாள் ஹஸ்னைன் போன் செய்தார். வீட்டு ஆட்கள் எல்லாருடைய விசாவும் புதுப்பிக்கும் பேப்பர் இந்த வாரம் வருகிறது, ரேகை வேண்டும் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பேப்பரில் என் பெயருக்கு நேரே ரேகை விழுந்த பிறகு கிளம்பினால் ஒருத்தனும் ஒன்றும் செய்ய முடியாது. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். களரிக்கு இன்னும் நாள் இருந்தது.

பேப்பர் அந்த வாரம் வரவில்லை. ஆபீஸில் யாரோ லீவாம். டிக்கெட்டை மறுபடியும் தள்ளினேன். புலி வாலைப் பிடித்தவனுக்கு விடவும் பயம், பிடிக்கவும் பயம். காலையில் எழுந்ததும் முதலில் மைப்பெட்டி தலையணைக்கு அடியில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். ஜெனரலைச் சுஐபுவோடு தனியாக விடுவதில்லை. சூப் ஊட்டும்போதுகூடப் பக்கத்திலேயே இருந்தேன். ஹாலில் இருந்து பார்த்தால்தான் சமையலறையும் ஜெனரலும் ஒன்றாகத் தெரியும். அதனால் ஹாலில் உட்கார்ந்தேன். தோல் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஏசி அங்கேதான் நன்றாக வரும்.

அங்கே நான் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு காலையில் ரெங்கராஜ் வந்து நின்றான். கையில் ஒரு பேப்பர் வைத்திருந்தான்.

“அண்ணே, வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாசம். தனியாக் கெடக்கா. ஜெனரல்கிட்ட ஒரு ரேகை மட்டும் வாங்கிக் குடுத்தீங்கன்னா...”

நியாயமான கேள்விதான். ஆனால் ரெங்கராஜும் போய்விட்டால் வீட்டில் நானும் சுஐபுவும் மட்டும்தான். நான் குளிக்கப் போனால் ஜெனரலை யார் பார்ப்பது? எனக்கே இன்னும் கிளம்ப முடியவில்லை, இவனுக்கு அதற்குள் என்ன அவசரம் என்று எரிச்சலும் வந்தது.

“நெலமையப் பாருடா. நான் என்ன முடியாதுன்னா சொல்றேன்? அடுத்த வாரம் பாக்கலாம்.”

ரெங்கராஜ் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அதைக் கேட்கவே இல்லை. மூலையில் ஜெனரல் சக்கர நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருந்தது. அது சிரிப்பா நோயா என்று யார் கண்டார்கள்.

புதுப்பிக்கும் பேப்பர் கடைசியில் வந்தது. என் பெயருக்கு நேரே ரேகையும் விழுந்தது. அதற்கு முந்தின ராத்திரி ஊரில் களரி முடிந்திருந்தது.

நாகவள்ளி போன் எடுக்கவில்லை. பல தடவை அடித்த பிறகு வீடியோவில் வந்தது அருணா. சந்தனம் பூசிய மொட்டை. இரண்டு காதிலும் ரத்தம் காய்ந்த பொட்டு, அதில் வேப்பங்குச்சி. அழுது முடித்த முகம் இல்லை. தெளிவாக இருந்தாள்.

“யார் மடியிலத்தா உக்காந்த?”

“யார் மடியிலயும் இல்ல மாமா. வேற மாமா யாரும் வேணாம்னு அம்மா சொல்லிருச்சு. பலகை போட்டு உக்கார வச்சாங்க. ஆச்சி ரொம்ப ஏசுச்சு. அம்மா கோயில்ல வச்சு அழுதுச்சு.”

“வலிச்சுச்சா?”

“கொஞ்சம்.”

சுஐபுவை, ஹஸ்னைனை, ஆபீஸை, ஜெனரலை, அவரைக் கவிழ்த்த அந்தத் துணைத் தளபதியை, எல்லாரையும் கத்தி வைய வேண்டும் போல இருந்தது. ஜிமிக்கி பெட்டியில் இருக்கிறது, பட்டுப் பாவாடை பெட்டியில் இருக்கிறது. இன்னும் என்ன கெட்டுப்போயிற்று? இப்போது பேப்பர் முடிந்துவிட்டதே.

“மாமா வந்துர்றேன் தாயி. இந்தத் தடவை சத்தியமா. அடுத்த வாரம்.”

அருணா கேமராவைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

“எதுக்கு மாமா?”

பின்னால் ஜெனரல், “ம்பா” என்றார். கிளினிக்குக்குப் போகிற நேரம். போனை வைத்துவிட்டு மைப்பெட்டி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் ரெங்கராஜும் சுஐபுவும் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, இரண்டு பேரும் சிரித்தார்கள்.